சுங்கக் கட்டணத்தை யார் கட்டுப்படுத்துவது? ஒரு சரக்கு வண்டி உரிமையாளரின் கேள்வியும் பதிலும்

கேள்வி: என்னிடம் இரண்டு சிறு சரக்கு வண்டிகள் இருக்கின்றன. பூவும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு நாள்தோறும் நகரத்துச் சந்தைக்குப் போய் வருகின்றன. எங்கள் ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டரில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி. ஒரு தனியார் நிறுவனம் நடத்துகிறது. பலகையில் 52 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். ஆற்றுப் பாலமும் மேம்பாலமும் சேர்ந்து அதில் இரண்டு கிலோமீட்டர் வரும். எங்கள் வண்டியை இலகுரக வணிக வாகனம் என்று கணக்கு வைத்து ஒரு முறை போக 170 ரூபாயும், அதே நாளில் திரும்பினால் 255 ரூபாயும் எடுக்கிறார்கள். ஆண்டுதோறும் ஏப்ரலில் ஏற்றுகிறார்கள். சாலை போட்ட செலவு எப்போதோ வசூலாகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். மின்கட்டணத்துக்கு ஒழுங்குமுறை ஆணையம் இருப்பதைப் போல இதற்கு யாரும் இல்லையா? மாநில அரசு ஏன் தடுப்பதில்லை? நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

பதில்: நெடுஞ்சாலை ஒப்பந்தங்களின் கணக்கைச் சரிபார்ப்பது என் தொழில். அந்தப் பழக்கத்தில் உங்கள் கடிதத்தில் முதலில் நான் பார்த்தது 52, 2, 170 என்ற மூன்று எண்களைத்தான். கோபத்தை விட்டுவிட்டு எண்களை எழுதி அனுப்பியதற்கு நன்றி. பெரும்பாலான கடிதங்களில் கோபம் மட்டும்தான் வருகிறது.

உங்கள் சாவடியை நடத்தும் நிறுவனம் தன் விருப்பப்படி ஒரு ரூபாயைக்கூட ஏற்ற முடியாது. 1956ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 7ஆம் பிரிவு கட்டணம் விதிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்தது. 1995இல் சேர்த்த 8ஏ பிரிவுதான் தனியார் சாலை அமைத்து வசூலிக்க வழி திறந்தது. எவ்வளவு வசூலிக்கலாம் என்பதை 2008 டிசம்பரில் வந்த கட்டண நிர்ணய விதிகள் சொல்கின்றன. அந்த விதிப்படி ஒவ்வொரு சாவடிக்கும் தனித்தனியாக அரசிதழில் அறிவிப்பாணை வருகிறது. பலகையில் நீங்கள் பார்க்கும் 170 அந்த அறிவிப்பாணையின் விளைவு. சாவடியில் உட்கார்ந்திருக்கும் பையனிடம் சண்டை போடுவதில் பயனில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அவனுக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

எண் வரும் வழி சிக்கலானதல்ல. நான்குவழிச் சாலைக்கு 2007-08ஆம் ஆண்டை அடிப்படையாக வைத்து, கிலோமீட்டருக்கு காருக்கு 65 காசு, இலகுரக வணிக வாகனத்துக்கு 1 ரூபாய் 5 காசு, பஸ்ஸுக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 காசு என்று விதி வகுத்தது. அகலப்படுத்திய இருவழிச் சாலையானால் இதில் 60 சதவீதம். இந்த அடிப்படை விகிதம் ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறும். கூட்டு வட்டியாக அல்ல, தனி வட்டியாக. அதன்மேல், மொத்த வியாபார விலைகளின் ஏற்றத்தைக் காட்டும் மொத்த விலைக் குறியீட்டெண் 2007 ஜனவரியிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதில் 40 சதவீதத்தைச் சேர்ப்பார்கள். கடைசியில் அருகிலுள்ள ஐந்து ரூபாய்க்கு முழுமைப்படுத்துவார்கள். ஏப்ரல் 1 அன்று நீங்கள் பார்க்கும் ஏற்றம் இதுதான். நிறுவனம் மனுப் போடுவதும் இல்லை, அமைச்சர் யோசித்து முடிவெடுப்பதும் இல்லை. சூத்திரம் தானாக ஓடுகிறது.

குறியீட்டெண் தொடர்களையெல்லாம் தேடாமல் இதைச் சரிபார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களின் சொந்த உபயோக வண்டிக்கு மாதாந்திர பாஸ் கொடுக்கிறார்கள் அல்லவா? அதன் அடிப்படை விலை 2007-08இல் 150 ரூபாய். அதுவும் இதே சூத்திரப்படிதான் ஏறுகிறது. 2025-26இல் அது 350 ரூபாய். 350ஐ 150ஆல் வகுத்தால் 2.33. அதாவது அடிப்படை விகிதம் எதுவானாலும் அதை 2.33ஆல் பெருக்கினால் அந்த ஆண்டின் விகிதம் ஏறக்குறைய கிடைத்துவிடும். இலகுரக வணிக வாகனத்துக்கு 1.05 பெருக்கல் 2.33, கிலோமீட்டருக்குச் சுமார் 2 ரூபாய் 45 காசு. அடுத்த ஏப்ரலில் பாஸ் விலை என்னவாக மாறியிருக்கிறது என்று பார்த்து அதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் சாலைக்கு வருவோம். 52 கிலோமீட்டரை 2.45ஆல் பெருக்கினால் 127 ரூபாய் சொச்சம், முழுமைப்படுத்தினால் 125. பலகையிலோ 170. நடுவில் 45 ரூபாய் எங்கிருந்து வந்தது?

பாலத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். தனிப் பாலம், சுரங்கப்பாதை, மேம்பாலம், உயர்மட்டச் சாலை ஆகியவற்றை விதி ‘கட்டமைப்பு’ என்று தனியாகப் பிரிக்கிறது. கட்டமைப்பின் நீளத்தைப் பத்து மடங்காக வைத்துக் கணக்கிடுவார்கள். உங்கள் இரண்டு கிலோமீட்டர், இருபது கிலோமீட்டராகிறது. மீதி ஐம்பதோடு சேர்த்தால் எழுபது. எழுபதை 2.45ஆல் பெருக்குங்கள்: 171 ரூபாய் 50 காசு. பலகையில் 170 என்று நிற்கிறது. கணக்கு பொருந்துகிறது, ஆனால் அதனாலேயே சரியாகிவிடாது. அந்த இரண்டு கிலோமீட்டரும் உண்மையில் கட்டமைப்பு என்று அறிவிக்கப்பட்டதா, அதன் நீளம் சரியாக அளக்கப்பட்டதா, அது இந்தச் சாலைத் திட்டத்தில் கட்டிய பாலம்தானா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. செங்கல்பட்டு அருகே பரனூர் சாவடியில், 1954இல் கட்டிய பழைய பாலம் ஒன்றையும் கட்டணக் கணக்கில் சேர்த்திருந்ததை மத்திய தணிக்கைத் துறை 2023ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டிக்காட்டியது. பழைய ஒப்பந்தங்கள் சிலவற்றில் பாலத்துக்கான கூடுதல் தொகை நீளத்தை வைத்து அல்லாமல் கட்டுமானச் செலவை வைத்தும் போடப்பட்டிருக்கும். புறவழிச்சாலைக்கு ஒன்றரை மடங்கு என்ற கணக்கும் உண்டு. உங்கள் சாவடிக்கு எது என்பது அறிவிப்பாணையில் இருக்கும்.

‘சுங்கக் கட்டணம் பாதியாகக் குறைப்பு’ என்று 2025 ஜூலையில் செய்தி வந்ததே, எங்களுக்கு ஏன் குறையவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் திருத்தம் சொன்னது இதுதான்: கட்டமைப்பின் பத்து மடங்கோடு மீதி நீளத்தைச் சேர்த்து வருவது ஒன்று, முழுச் சாலை நீளத்தின் ஐந்து மடங்கு இன்னொன்று, இரண்டில் எது குறைவோ அதை எடுக்க வேண்டும். உங்களுக்கு முதல் கணக்கு 70, இரண்டாம் கணக்கு 260. ஆகவே 70தான் நிற்கும். சாலையில் ஏறக்குறைய பாதியாவது பாலமாகவோ உயர்மட்டச் சாலையாகவோ இருந்தால்தான் இந்தச் சலுகை கைக்கு வரும். பெருநகரங்களைச் சுற்றிய உயர்மட்டச் சாலைகளுக்கு ஏற்றது. வயல்வெளி நடுவே போகும் சாலைக்கு அதனால் ஒன்றுமில்லை. தலைப்புச் செய்தியை நம்பி மனு எழுதியவர்கள் நிறைய பேர்.

இதுவரை நீளம். நீளத்தைவிட எனக்கு உறுத்துவது உங்கள் வண்டியின் வகை. வண்டியின் மொத்த எடை என்ன என்று நீங்கள் எழுதவில்லை. ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை என்ற வரியைப் பாருங்கள். 2008 விதியின் வரையறைப்படி, மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத வாகனம் கார், ஜீப், வேன் வகையோடு சேர்கிறது. 7,500க்கு மேல் 12,000க்குள் இருப்பதுதான் இலகுரக வணிக வாகனம். சரக்கு ஏற்றுவதாலோ மஞ்சள் எண் பலகை இருப்பதாலோ ஒரு வண்டி தானாக அடுத்த வகைக்குப் போய்விடுவதில்லை; எடைதான் அளவுகோல். பூ ஏற்றும் சிறு வண்டிகளில் பல 7,500ஐத் தொடுவதே இல்லை. உங்களுடையதும் அப்படியென்றால், கார் விகிதம் கிலோமீட்டருக்குச் சுமார் 1 ரூபாய் 52 காசு. எழுபது கிலோமீட்டருக்கு 105 ரூபாய். ஒரு நடைக்கு 65 ரூபாய் வித்தியாசம். இது நடந்திருந்தால் பெரும்பாலும் கோளாறு இரண்டு இடங்களில் ஒன்றில் இருக்கும். ஒன்று, பாஸ்டேக் வாங்கும்போது வங்கி தவறான வகையில் பதிந்திருக்கும். அல்லது சாவடியில் உள்ள கருவி வண்டியின் தோற்றத்தை வைத்து வகையை மாற்றியிருக்கும். முதலாவதை வங்கியில் ஆர்.சி. நகலைக் கொடுத்துத் திருத்தலாம். இரண்டாவதற்கு ஒவ்வொரு பிடித்தத்தின் குறுஞ்செய்தியையும் சேர்த்து வைத்து, நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033இல் புகார் பதிந்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

மொத்த எடை 7,500க்கு மேல் என்றாலும் உங்களுக்கு வழி அடைபடவில்லை. சாவடி இருக்கும் மாவட்டத்திலேயே பதிவான வணிக வாகனத்துக்கு, அது நாடு முழுதும் ஓட அனுமதிக்கும் நேஷனல் பர்மிட்டில் ஓடாத வரை, பாதிக் கட்டணம்தான். சர்வீஸ் சாலையோ மாற்றுச் சாலையோ இருந்தால் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. பாதிக் கட்டணம் கிடைத்தால் ஒரு நடைக்கு 85 ரூபாய். கிடைக்காவிட்டால் இன்னொரு வகை மாதாந்திர பாஸைப் பாருங்கள்: ஐம்பது நடைக்கான தொகையில் மூன்றில் இரண்டு பங்கு கட்டினால் போதும். உங்கள் சாவடியில் அது 5,700 ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். மாதத்தில் 25 நாள் போய்வரும் வண்டிக்கு நாளுக்கு 255 என்று கட்டினால் 6,375. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் இரண்டு வண்டி, பன்னிரண்டு மாதம். 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாயில் தொடங்கிய, 200 நடைகளுக்கான ஆண்டு பாஸ் உங்கள் சரக்கு வண்டிகளுக்குப் பொருந்தாது. வணிக உபயோகமில்லாத கார், ஜீப், வேனுக்கு மட்டுமே. வீட்டில் கார் இருந்தால் அதற்கு வேண்டுமானால் யோசிக்கலாம். ஆனால் உள்ளூர் மாதாந்திர பாஸ் கிடைக்கும் ஊரில், அந்த ஒரு சாவடியை மட்டும் தாண்டுபவருக்கு எது லாபம் என்பது எத்தனை முறை தாண்டுகிறார் என்பதைப் பொறுத்தது.

‘செலவு வசூலாகிவிட்டது, இன்னும் ஏன் வசூல்’ என்ற கேள்விக்கு வருகிறேன். ஊரில் பேசிக்கொள்வதில் பாதி உண்மை.

முதலில், ‘தனியார் நடத்துகிறது’ என்பதே பலவிதம். சாலையை அவர்களே கடன் வாங்கிப் போட்டு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வசூலித்துவிட்டு ஒப்படைப்பது ஒரு வகை. அரசு போட்ட சாலையை ஒரே தவணையில் பணம் கொடுத்துக் குத்தகைக்கு எடுப்பது இன்னொரு வகை. 2018இல் முதல் தொகுப்பாக ஆந்திரம், குஜராத் மாநிலங்களின் ஒன்பது சாலைகள் 30 ஆண்டுகளுக்கு 9,681 கோடி ரூபாய்க்குப் போயின. மூன்றாவது, மத்திய அரசுக்காகச் சாலைகளைக் கவனிக்கும் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் சாலையில் வசூலிக்கும் வேலையை மட்டும் ஓராண்டு ஏலத்தில் எடுப்பவர். சட்டை ஒரே மாதிரி, ஒப்பந்தம் வேறு. மூன்றாவது வகையானால் வசூல் மிச்சம் ஆணையத்துக்குத்தான் போகிறது; அங்கே நிறுவனத்தின் லாபத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

முதல் வகையில், ஒப்பந்தம் வசூல் தொகையை வைத்து முடிவதில்லை, காலத்தை வைத்து முடிகிறது. கட்டுமானச் செலவு 500 கோடி, இதுவரை வசூல் 700 கோடி என்று பார்த்ததும் கோபம் வரும். நடுவில் வட்டியும் பராமரிப்பும், சில ஒப்பந்தங்களில் ஆணையத்துக்கு ஆண்டுதோறும் கட்டும் பிரீமியமும் இருக்கின்றன. ஆனால் போக்குவரத்து எதிர்பார்த்ததைவிடக் கூடினால் பயன் யாருக்கு என்பதற்கு ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு உண்டு. பொதுமக்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. மத்திய அரசின் மாதிரி ஒப்பந்தப்படி, இலக்கு வைத்த நாளில் வாகன எண்ணிக்கை இலக்கைவிட ஒரு சதவீதம் குறைந்தால் ஒப்பந்தக் காலம் ஒன்றரை சதவீதம் நீளும். அதிகபட்சம் 20 சதவீதம் வரை. ஒரு சதவீதம் கூடினால் முக்கால் சதவீதம்தான் குறையும். அதிகபட்சம் 10 சதவீதம். நஷ்டத்துக்கு ஒரு தராசு, லாபத்துக்கு இன்னொரு தராசு. முதலீட்டாளரை இழுக்க அப்படி எழுதினார்கள் என்று விளக்கம் சொல்லலாம். எனக்கு அந்த விளக்கம் ஒருபோதும் நிறைவாகப் பட்டதில்லை.

ஒப்பந்தம் முடிந்த பிறகாவது? 2008 விதிகளின் கீழ், தனியார் ஒப்பந்தக் காலம் முடிந்ததும், அரசு போட்ட சாலையானால் முதலீடு திரும்பியதும், கட்டணம் 40 சதவீதமாகக் குறைய வேண்டும் என்று இருந்தது. 2023 அக்டோபர் திருத்தம் அந்தக் குறைப்பை எடுத்துவிட்டது. இப்போது காலம் முடிந்தாலும் அரசு முழு விகிதத்தில், ஆண்டு ஏற்றத்தோடு வசூலிக்கலாம். ‘எப்போதோ வசூலாகிவிட்டது’ என்று கோபப்படும் உங்கள் ஊர்க்காரர்கள் நிறுவனத்தைக் கை காட்டுகிறார்கள். இந்த இடத்தில் கை காட்ட வேண்டியது நிறுவனத்தை அல்ல. பயன்படுத்துபவரிடம் சாலையின் செலவை வசூலிப்பது கட்டணம். செலவு தீர்ந்த பிறகும் முழுதாக வசூலிப்பது வரியைப் போன்றது. வரி என்றால் அதை நாடாளுமன்றத்தில் பேசித்தான் போட வேண்டும், விதித் திருத்தத்தில் அல்ல என்பது என் கருத்து.

ஒழுங்குமுறை ஆணையம் இல்லையா என்று கேட்டீர்கள். இல்லை. மின்சாரத்துக்கு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. தொலைபேசிக்கு 1997 முதல் டிராய் இருக்கிறது. விமான நிலையக் கட்டணத்துக்கும் தனி ஆணையம் உண்டு. சாலைக்கு அப்படியொன்று அமைப்பதாக 2013-14 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் அறிவித்தார். அறிவிப்போடு நின்றுவிட்டது. ஆக, நம்மிடம் விதி இருக்கிறது; அந்த விதி சரியாகப் பின்பற்றப்படுகிறதா என்று கேட்டுத் தீர்ப்புச் சொல்ல நடுவர் இல்லை. கட்டணத்தை அறிவிப்பதும் மத்திய அரசு, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதும் அதன் ஆணையம், புகாரைக் கேட்பதும் அதே ஆணையம். கட்டண விகிதத்தைவிட இதுதான் பெரிய குறை.

விகிதத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா சாட்சி. ஒன்டாரியோ மாகாணத்தின் 407 நெடுஞ்சாலையை 1999இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். வாகன எண்ணிக்கை குறிப்பிட்ட அளவில் நின்றால் போதும், கட்டணத்துக்கு உச்சவரம்பு கிடையாது. பின்னால் வந்த மாகாண அரசு வழக்காடியும் பிடியைத் திரும்பப் பெற முடியவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1995இல் திறந்த டல்லெஸ் கிரீன்வே தனியார் சாலையில் நிலைமை வேறு. கட்டணத்தை ஏற்ற நிறுவனம் மாநில ஆணையத்திடம் மனுச் செய்ய வேண்டும். கொடுக்கும் கட்டணத்துக்கு ஏற்ற பயன் ஓட்டுநருக்குக் கிடைக்கிறதா, ஏற்றினால் ஆட்கள் சாலையை விட்டு ஓடிவிடுவார்களா, நிறுவனத்துக்கு நியாயமான வருமானம் வருகிறதா என்று மூன்றையும் ஆணையம் பார்க்கும். 2024இல் கேட்ட ஏற்றத்தை மறுத்தது.

நம் நாட்டிலேயே விபரீதமான ஒப்பந்தம் ஒன்று இருந்தது. டெல்லியையும் நொய்டாவையும் இணைக்கும் டி.என்.டி. மேம்பாலச் சாலைக்கு 1997இல் போட்ட ஒப்பந்தம், மொத்தத் திட்டச் செலவின் மீது ஆண்டுக்கு 20 சதவீத வருமானத்தை உறுதி செய்தது. வருமானம் குறைந்தால் குறைந்த தொகை திட்டச் செலவோடு சேரும். அடுத்த ஆண்டு அந்தக் கூடிய செலவின் மீது 20 சதவீதம். இப்படிப் போனால் செலவு என்றைக்கும் தீராது. 2016 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதோடு ஒப்பிட்டால் 2008 சூத்திரம் எவ்வளவோ மேல். 3 சதவீதமும் 40 சதவீதக் குறியீடும் வெளிச்சத்தில் இருக்கின்றன. உங்களைப் போன்ற ஒருவர் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

மாநில அரசு பற்றி. தேசிய நெடுஞ்சாலை அரசமைப்புச் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. அங்கே மாநில அரசு கடிதம் எழுதலாம், கட்டணத்தைத் தொட முடியாது. மாநிலம் தன் சாலைகளில் செய்யலாம், செய்தும் இருக்கிறது: சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் நான்கு சாவடிகளில் வசூலை 2021 ஆகஸ்டில் நிறுத்தியது. சட்டமன்றத்தில் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளைப் பற்றி வரும் வாக்குறுதிகளை அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரு சாவடிகளுக்கு இடையே 60 கிலோமீட்டர், நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டர் என்ற விதிகளைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டும் உண்மைதான், ஆனால் காரணத்தைப் பதிவு செய்துவிட்டு விலக்கு கொடுக்க அதே விதி இடம் தருகிறது. அந்தக் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கினால்தான் வாதம் நிற்கும்.

சாலையின் தரம் மட்டும்தான் நீதிமன்றங்கள் உடனே காது கொடுக்கும் விஷயம். மதுரவாயல் முதல் வாலாஜா வரை சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தபோது, இரண்டு சாவடிகளில் பாதிக் கட்டணம் மட்டும் வசூலிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. திருச்சூர் அருகே பாலியேக்கரையில் 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் வசூலையே தற்காலிகமாக நிறுத்தியது. ஆணையம் உச்ச நீதிமன்றம் போயும் அந்த உத்தரவை மாற்ற முடியவில்லை. கட்டணம் அதிகம் என்று போனவர்களைவிட, கட்டணம் வாங்கிக்கொண்டு சாலை தரவில்லை என்று போனவர்களே அதிகம் வென்றிருக்கிறார்கள்.

ஆகவே உங்களுக்கு என் ஆலோசனை, ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு தகவல் உரிமை மனு. நிறுவனத்துக்கு எழுத வேண்டாம். உங்கள் பகுதியைப் பார்க்கும் நெடுஞ்சாலை ஆணையத் திட்ட அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு, பத்து ரூபாய் கட்டணத்தோடு அனுப்புங்கள். சாவடிக்கான அரசிதழ் அறிவிப்பாணையின் நகல், கட்டணம் கணக்கிட எடுத்துக்கொண்ட நீளத்தின் தொடக்க, முடிவுக் கிலோமீட்டர்கள், கட்டமைப்பாகச் சேர்த்த ஒவ்வொரு பாலத்தின் பெயரும் நீளமும் கட்டிய ஆண்டும், ஒப்பந்தம் முடியும் தேதி, காலம் நீட்டப்பட்டிருந்தால் அந்த உத்தரவு, உள்ளூர் வணிக வாகனச் சலுகையை மறுத்தால் எந்தச் சாலையை மாற்றுச் சாலையாகக் கருதுகிறார்கள் என்ற விவரம். இத்தனையும் ஒரே மனுவில் கேட்கலாம். ‘ஏன் இவ்வளவு அதிகம்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஆவணத்தைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். கருத்தைக் கேட்டால் ஒரு வரியில் மறுத்துவிடுவார்கள்.

சாலை மோசம் என்றால் இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு தனியார் ஒப்பந்தச் சாலைக்கும் தனி மேற்பார்வைப் பொறியாளர் ஒருவரை நியமித்திருப்பார்கள். அவர் மாதந்தோறும் அறிக்கை கொடுப்பார். கடந்த ஓராண்டின் பராமரிப்பு அறிக்கைகளையும், அவற்றின்பேரில் நிறுவனத்துக்கு விதித்த அபராதத்தையும் கேளுங்கள். குழி இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் அது புகார். அவர்கள் பொறியாளரே எழுதியிருந்தால் அது சான்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு. அங்கும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. அதற்குள் ஆர்.சி. புத்தகத்தில் அந்த மொத்த எடையைப் பார்த்துவிடுங்கள். அதற்கு மனு எதுவும் வேண்டாம். 7,500 கிலோவுக்குள் இருந்தால் நாளைக்கே வங்கிக்குப் போகலாம். இதுவரை கூடுதலாகப் பிடித்த தொகையைத் திரும்பக் கேட்டு, பாஸ்டேக் கணக்கின் விவர அறிக்கையோடு வங்கிக்கும் ஆணையத்துக்கும் எழுத்தில் கொடுங்கள்.